ஒரு பாட்டு, இரண்டு அறை: ஒரு பிளேயரை இரண்டு செட்டுகளுக்குக் கொடுப்பது எப்படி?

கொட்டாஞ்சேனையில் நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த என் பெரியம்மா, இடுப்பெலும்பு முறிந்த பிறகு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருடன் வந்தவை இரண்டு சூட்கேஸ், ஒரு குத்துவிளக்கு, பெரியப்பா வாங்கிய பழைய ஸ்டீரியோ செட். செட்டைப் பின்னறையில் அவருடைய இரும்புக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

முன் ஹோலில் அப்பாவின் அம்பிளிபயர் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அப்பா போனிலிருந்து பழைய பாட்டுகள் போடுவார். பெரியம்மாவுக்குப் பாதிதான் கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் மேல்மாடிக்காரர் கதவைத் தட்டுவார்.

"முந்தி ரேடியோவில எல்லா வீட்டிலயும் ஒரே பாட்டுத்தானே போச்சு. இப்ப ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு அறைக்குப் போகாதோ பிள்ளை?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கியது. பின்னாளில் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீட் குரல்கள் ஒலித்த காலத்தில், ஒரு ஒழுங்கையின் தொடக்கத்தில் கேட்ட பாட்டை அதன் முடிவு வரை விடாமல் கேட்டுக்கொண்டு நடக்கலாம். அலைவரிசை எல்லா வீட்டு ரேடியோவுக்கும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தது. இன்று கிரிக்கெட் பார்க்கும்போது பக்கத்து வீட்டார் கத்தி முடித்த பிறகுதான் நம் ரிவியில் விக்கெட் விழுகிறது. டிஜிட்டல் பெட்டி ஒவ்வொன்றும் தனக்கென்று கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறது. என் முதல் முயற்சி தோற்றதும் இதனால்தான்.

முதல் முயற்சி: இரண்டு புளூடூத்

இரண்டு செட்டுகளுக்கும் ஆளுக்கொரு புளூடூத் ரிசீவர் வாங்கி மாட்டினேன். ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளுக்கு அனுப்பும் வசதி என் போனில் இருந்தது. பாட்டு இரண்டு அறையிலும் வந்தது, ஆனால் ஒன்றின் பின்னால் ஒன்றாக. "இதென்ன, பாட்டு ரெண்டு தரம் கேட்குது?" என்றார் பெரியம்மா.

புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பி, மறுபக்கம் விரித்து எடுக்க நேரம் பிடிக்கும். சாதாரணமாக 100 முதல் 250 மில்லி செக்கன் வரை போகும். ரிசீவருக்கு ரிசீவர் இது வேறுபடும். இரண்டு ஒலிகளுக்கிடையில் 30, 40 மில்லி செக்கனுக்குள் வித்தியாசம் இருந்தால் காது பெரும்பாலும் அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் எதிரொலி. காற்றில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகிறது. பத்து மீற்றருக்குச் சுமார் 29 மில்லி செக்கன். ஆகவே வீட்டின் நீளம் பிரச்சினையல்ல, ரிசீவர்கள்தான் பிரச்சினை.

தீர்வு இலகுவானது. தாமதம் நடந்து முடிந்த பிறகு பிரிக்க வேண்டும். ஒரு ரிசீவரை மட்டும் வைத்து, அதிலிருந்து வரும் சிக்னலை வயரால் இரண்டாகப் பிரித்தால் இரண்டு செட்டுக்கும் ஒரே தாமதம். இரண்டும் சேர்ந்தே பாடும்.

இரண்டாம் முயற்சி: வை வயர்

ஒரு சிக்னலை இரண்டு அம்பிளிபயருக்குக் கொடுத்தால் சத்தம் பாதியாகுமா என்று அப்பா கேட்டார். ஆகாது. சிடி பிளேயரோ ரிசீவரோ தருவது லைன் அவுட் சிக்னல், அதிகபட்சம் 2 வோல்ற் அளவில். அதன் உள்தடை பொதுவாகச் சில நூறு ஓம். அம்பிளிபயரின் உள்வாங்கும் தடையோ 10,000 முதல் 50,000 ஓம் வரை. அதாவது அம்பிளிபயர் சிக்னலை எட்டிப் பார்க்கிறது, அள்ளிக் குடிப்பதில்லை. இன்னொன்று சேர்ந்து எட்டிப் பார்த்தாலும் காதுக்குத் தெரியும் அளவு குறையாது. ஆகவே சாதாரண வை வடிவ வயர் போதும்.

ஆனால் நான்கு விடயங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, பிரிக்கலாம், சேர்க்கக்கூடாது. இரண்டு பிளேயர்களின் அவுட்டை ஒரே வை வயரால் ஒரு அம்பிளிபயருக்குள் விடாதீர்கள். ஒன்றின் சிக்னல் மற்றதன் வாய்க்குள் போகும். அதற்கு மாற்று சுவிட்ச் அல்லது மிக்சர் தேவை.

இரண்டு, பிரிப்பது லைன் அவுட்டில் மட்டும். அம்பிளிபயர்களின் ஸ்பீக்கர் முனைகளை ஒன்றோடொன்று இணைத்தால் இரண்டும் எரியலாம்.

மூன்று, இசைத்தட்டுப் பிளேயரின் சிக்னல் மிகச் சிறியது. அதற்கு முதலில் ஃபோனோ பிரீ-அம்ப் வேண்டும், பிரிப்பது அதற்குப் பிறகு.

நான்கு, போனின் சத்தத்தை ஏறக்குறைய முழுதாக வைத்துவிட்டு, ஒவ்வொரு அறையிலும் அம்பிளிபயரின் திருகியால் கூட்டிக் குறையுங்கள். அப்பாவின் சத்தம் அப்பாவிடம், பெரியம்மாவின் சத்தம் பெரியம்மாவிடம்.

பின்னறை வரை சுமார் 12 மீற்றர் ஷீல்ட் வயர் ஓடியது. கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல், சந்திக்கும் இடங்களில் குறுக்காகக் கடக்க விட்டேன். வெள்ளவத்தையில் கடற்காற்று உலோக முனைகளை அரித்துவிடும், ஆகவே சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும்.

இரைச்சல், பிறகு ஷொக்

வயர் மாட்டியதும் பாட்டோடு "ம்ம்ம்" என்ற இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அந்த ஹேர்ட்ஸ்தான் ஸ்பீக்கரில் முனகுகிறது. இரண்டு அம்பிளிபயரும் வெவ்வேறு அறைகளின் பிளக் வழியாக எர்த்துக்குப் போகின்றன. இப்போது ஓடியோ வயரின் ஷீல்ட் அவற்றை இன்னொரு வழியாலும் இணைத்துவிட்டது. எர்த், வயர், எர்த் என்று ஒரு வளையம். அதில் ஓடும் சிறு மின்னோட்டமே இரைச்சல். இதைக் கிரவுண்ட் லூப் என்பார்கள்.

வீட்டுக்கு வந்த ஒரு ரிப்பேர்காரர் ஐந்து நிமிடத்தில் "சரிசெய்து" தந்தார். பெரியம்மாவின் செட் பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிட்டார். இரைச்சல் நின்றது. தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

அடுத்த கிழமை முனைகளைத் துடைப்பதற்காக ஓடியோ வயரைக் கழற்றி வைத்திருந்தேன். செட்டின் கரண்ட் ஓனில் இருந்தது. கட்டிலில் ஒரு கையை ஊன்றியபடி திருகியைத் தொட்ட பெரியம்மா, "சுள்ளெண்டுது பிள்ளை" என்றார். டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். செட்டின் உலோக உடலில் டெஸ்டர் எரிந்தது.

நடந்தது இதுதான். பழைய செட்டில் கொஞ்சம் மின்கசிவு இருந்தது. எர்த் இருந்தவரை அது எர்த்துக்குப் போனது. எர்த்தைக் கழற்றிய பிறகு ஓடியோ வயரின் மெல்லிய ஷீல்ட் வழியாக அப்பாவின் அம்பிளிபயருக்குப் போய், அங்கிருந்து எர்த்துக்குப் போனது. அந்த வயரையும் நான் கழற்றியதும் மிஞ்சிய வழி பெரியம்மா மட்டும்தான். அன்று சுள்ளென்றதோடு போயிற்று. உள்ளே ஒரு வயர் முழுதாக அறுந்து உடலில் பட்டிருந்தால்? ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். எர்த் இருந்தால், யாரும் தொடுமுன்பே கசிவு அதனூடாக ஓடி ட்ரிப் விழும். எர்த் இல்லாவிட்டால் மனித உடல் வழியாக ஓடிய பிறகுதான் அது விழ முடியும்.

இரைச்சலுக்கு எர்த்தைக் கழற்றுவது மருந்தல்ல. சதுர ஊசிப் பிளக்கோ பழைய வட்ட ஊசியோ, மூன்று ஊசியோடு வந்த கருவி மூன்று ஊசியோடுதான் இருக்க வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் அடையாளம் போட்டு, இரண்டு ஊசியோடு வந்த கருவி மட்டுமே எர்த் இல்லாமல் இயங்க வடிவமைக்கப்பட்டது.

சரியான வழி

அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தைத் திரும்ப மாட்டி, வீட்டின் எர்த்தையும் சோதித்தோம். செட்டில் கசிந்த பகுதியை மாற்றினார். இரைச்சலுக்கு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று வாங்கினேன். உள்ளே இருப்பவை சிறு டிரான்ஸ்போர்மர்கள். பாட்டு காந்தப் புலமாகக் கடந்து போகும், இரு பக்கத்து வயர்களும் ஒன்றையொன்று தொடாது. வளையம் அங்கே அறுகிறது, எர்த் இருந்த இடத்தில் இருக்கிறது. நீண்ட வயர் பெரியம்மாவின் செட்டுக்குள் நுழையும் இடத்தில் மாட்டினேன். மலிவானவற்றில் தாழ்ந்த சுருதிகள் கொஞ்சம் மெலியும், வாங்குமுன் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு அம்பிளிபயரும் ஒரே அறையில் இருந்தால் இதற்கு முன் ஒரு இலவச வழி உண்டு. இரண்டையும் ஒரே பிளக் பொயிண்டிலிருந்து எடுங்கள். பெரும்பாலும் இரைச்சல் அதிலேயே குறைந்துவிடும்.

இப்போது ஆறு மணிக்கு இரண்டு அறையிலும் ஒரே பாட்டு. நேற்று இடையில் போனுக்கு அழைப்பு வந்து பாட்டு நின்றது. முன் ஹோலிலிருந்து அப்பாவும் பின்னறையிலிருந்து பெரியம்மாவும் ஒரே நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.