3டி மாடல் ஃபைல்: அது 2 மில்லிமீட்டரா, 2 அங்குலமா? ஃபைலுக்குள்ளேயே விவரம் எழுதுவது எப்படி?

3டி பிரிண்டர் வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்க. டவுன்லோட் செய்த ஃபைலைத் திறந்தால், உள்ளங்கை அளவு இருக்க வேண்டிய பொருள் திரையில் கடுகு சைஸில் கிடந்த கதையைச் சொல்வார்.

ஃபைல் கெட்டுப்போகவில்லை. அதில் அளவுக்கு அலகே இல்லை, அவ்வளவுதான்.

இன்றும் அதிகம் புழங்குவது எஸ்டிஎல் ஃபார்மட். 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் 1987-ல் கொண்டுவந்தது. ஒரு பொருளின் மேற்பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக எழுதி வைக்கும். நீளம் '2' என்று சொல்லும், அது மில்லிமீட்டரா அங்குலமா என்று சொல்லாது. அங்குலத்தில் வரைந்ததை பிரிண்டர் மென்பொருள் மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டால், பொருள் 25.4 மடங்கு சுருங்கிவிடும்.

இது பார்த்ததுமே தெரிந்துவிடும், பரவாயில்லை. நிஜமான தலைவலி கொஞ்சமாக மாறும்போதுதான். இ-நேபிள் போன்ற தன்னார்வக் குழுக்கள் குழந்தைகளுக்கான செயற்கைக் கை மாடல்களை இலவசமாகப் பகிர்கின்றன. குழந்தையின் கைக்கு ஏற்ப அதைப் பெரிதாக்கியோ சுருக்கியோ அச்சடிக்க வேண்டும். ஏற்கெனவே யாரோ 120 சதவீதம் பெரிதாக்கிய விரலும், பழைய அளவிலேயே இருக்கும் உள்ளங்கையும் சேர்ந்தால் மூட்டு பொருந்தாது. இடது கையா வலது கையா, எந்த வெர்ஷன் என்ற விவரமும் ஃபைல் பெயரில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். 'ஃபைனல் நியூ 2' என்று வைப்பவர்கள்தானே நாம்!

பைனரி எஸ்டிஎல் ஃபைலின் தலைப்பில் 80 பைட் இடம் உண்டு. ஆனால் பல மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

இதற்கு மாற்றாக, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து 2015-ல் அறிவித்ததுதான் 3எம்எஃப். இதில் அலகு ஃபைலுக்குள்ளேயே பதிவாகும். தலைப்பு, வடிவமைத்தவர் பெயர், விளக்கம், காப்புரிமை, உரிம நிபந்தனை, உருவாக்கிய தேதி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. உண்மையில் இது ஒரு ஜிப் ஃபைல். கடைசியில் உள்ள எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே இருக்கும் எழுத்துகளை நீங்களே படிக்கலாம்.

'என் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்துங்கள்' என்ற நிபந்தனையோடு பகிர்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஃபைல் நாலு கை மாறினாலும் பெயர் கூடவே போகும். இடையில் யாராவது எஸ்டிஎல்-ஆக மாற்றிச் சேமித்தால் மட்டும் எல்லாம் போச்சு.

விளக்கம் எழுதும்போது 'நல்ல மாடல்' என்று எழுதுவதில் பயனில்லை. எந்தப் பாகம், எந்தப் பக்கம், எத்தனை சதவீத அளவு, எந்த பிளாஸ்டிக்கில் அச்சடிக்க வேண்டும் என்பதை எழுதுங்க. வீட்டு முகவரி, போன் நம்பர் வேண்டாம்.

பழைய எஸ்டிஎல் ஃபைலை 3எம்எஃப் ஆக மாற்றினால் தொலைந்த அலகு திரும்ப வந்துவிடாது. மென்பொருள் எதை யூகித்ததோ, அதுவே இனி அதிகாரப்பூர்வ அளவாகப் பதிவாகும். அதனால் மாற்றும் முன்பு, நிஜ அளவு தெரிந்த ஏதாவது ஒரு பக்கத்தைத் திரையில் அளந்து பார்த்துவிடுங்க.