பிணையாக நின்ற கைக்கடிகாரங்கள்

வேலைநிறுத்தம் செய்தால் உற்பத்தி நின்று முதலாளிக்கு நஷ்டம் வரும். அதனால் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருவார். ஆனால் ஆலையையே மூடுவது என்று அவர் முடிவெடுத்துவிட்டால்? வேலைக்கு வராதவர்களால் அவருக்கு என்ன நஷ்டம்! வாயிலில் கோஷம் போட்டுக்கொண்டிருக்கும்போதே இயந்திரங்கள் லாரியில் ஏறிவிடும். அதனால்தான் மூடப்போகும் ஆலையில் தொழிலாளர்கள் வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். இயந்திரமும் சரக்கும் கைவசம் இருக்கும்வரை அவர்களை ஒதுக்கிவிட்டு எதையும் முடிக்க முடியாது.

பிரான்ஸில் பெசன்சோன் நகரின் லிப் கைக்கடிகார ஆலையில் 1973-இல் நடந்தது இதுதான். அங்கே ஏறத்தாழ 1,300 பேர் வேலை பார்த்தார்கள். ஜூன் 12 அன்று நிர்வாகிகளை ஓர் அறையில் மறித்துவைத்து, அவர்களுடைய கைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே ஆட்குறைப்புத் திட்டம்: 480 பேரை வெளியேற்ற வேண்டுமாம். அன்றிரவே போலீஸ் வந்து நிர்வாகிகளை மீட்டுக்கொண்டு போனது. பிடித்துவைத்த ஆட்கள் போய்விட்டார்கள். இனி எதைப் பிணையாக வைப்பது? கடிகாரங்களை. சுமார் 25,000 கடிகாரங்களை இரவோடிரவாக எடுத்துப்போய் ஊரில் பல இடங்களில் ஒளித்தார்கள். இது திருட்டாகாதா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. கடிகாரம் சின்னப் பொருள், காரில் போட்டு மறைக்கலாம். உருக்காலையாக இருந்தால் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது?

ஜூன் 18-இல் பொதுக்கூட்டம் கூடி, உற்பத்தியைத் தாங்களே தொடங்குவது என்று தீர்மானித்தார்கள். 'செய்கிறோம், விற்கிறோம், சம்பளம் எடுத்துக்கொள்கிறோம்' என்பது முழக்கம். கடை விலையைவிட மலிவாக நேரே விற்றார்கள். ஆகஸ்ட் 2 அன்று அந்தப் பணத்திலிருந்து சம்பளம் போட்டார்கள். என் பார்வையில் போராட்டத்தின் உயிர்நாடி அந்தச் சம்பளம்தான். வீட்டில் உலை கொதித்தால்தானே அடுத்த வாரமும் கூட்டத்துக்கு ஆள் வரும்?

ஆகஸ்ட் 14-இல் போலீஸ் ஆலையைக் கைப்பற்றியது. தொழிலாளர்கள் பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாறினார்கள். செப்டம்பர் 29 அன்று கொட்டும் மழையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் பெசன்சோனில் ஊர்வலம் போனார்கள். 1974 ஜனவரியில் உடன்பாடு. ஆலைக்குப் புது நிர்வாகம் வந்தது, ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குத் திரும்பினார்கள்.

1976-இல் நிறுவனம் மறுபடியும் நொடித்தது. மறுபடியும் உள்ளே உட்கார்ந்தார்கள். இந்த முறை யாரும் வாங்க முன்வரவில்லை. கடைசியில் ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். ஆலை இருந்த பகுதி பலாந்த். கூட்டுறவுக்கு 'லே இந்துஸ்த்ரி த பலாந்த்', அதாவது பலாந்த் தொழில்கள், என்று பெயர் வைத்தார்கள். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் பிரெஞ்சில் 'லிப்'.