பந்து கதாநாயகன் ஆன கதை

1990களில் ஏற்காட்டிலோ கீழே சேலத்திலோ ஒரு வீட்டில் வீடியோ கேம் வாங்கினால், முதல் வேலை டிவியின் பின்னால் கையை விட்டு ஆன்டெனா வயரைப் பிடுங்குவதுதான். அந்த இடத்தில் கேம் பெட்டியின் வயரைச் செருகி, சேனலைத் திருகித் திருகித் தேட வேண்டும். புள்ளி மழைக்கு நடுவே திடீரென்று மாரியோ வந்து நிற்பார். பெட்டிக்குள் இருந்த பண்பேற்றி என்ற சின்ன உறுப்பின் வேலை அது. படத்தையும் ஒலியையும் வானொலி அலையின் முதுகில் ஏற்றி அனுப்பும். அன்றைய தூர்தர்ஷன் கோபுரம் செய்ததும் இதைத்தான். டிவிக்கு வித்தியாசம் தெரியாது. ஆக, அந்தப் பெட்டி ஒரே வீட்டுக்கு மட்டும் ஒளிபரப்பும் குட்டி நிலையம்.

டிவியை இப்படி ஏமாற்றலாம் என்று 1966இல் யோசித்தவர் ரால்ஃப் பேர் என்ற அமெரிக்கப் பொறியாளர். அவருடைய கருவியை மேக்னவாக்ஸ் நிறுவனம் 1972இல் ஒடிஸி என்ற பெயரில் விற்றது. உலகின் முதல் வீட்டு வீடியோ கேம் அது. உள்ளே கணினி இல்லை, நினைவகம் இல்லை, சத்தம்கூட இல்லை. திரையில் அதற்கு வரையத் தெரிந்தது மூன்று வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும்தான். அதை வைத்துக்கொண்டு டென்னிஸ், ஐஸ் ஹாக்கி, பேய் வீடு என்று எப்படி விற்றார்கள்? வண்ணப் படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்களைப் பெட்டியோடு கொடுத்தார்கள். திரையின் நிலைமின்சாரத்தில் தாள் தானாக ஒட்டிக்கொள்ளும். டென்னிஸ் தாளில் ஆடிய அதே புள்ளி, பேய் வீட்டுத் தாளில் பேய் பிடிக்கப் போகும். விளையாட்டின் வகை பெரும்பாலும் தாளில் இருந்தது. இயந்திரத்துக்கு டென்னிஸும் தெரியாது, பேயும் தெரியாது.

அதே ஆண்டில் அடாரி நிறுவனத்தின் பாங் என்ற பந்தடிக்கும் ஆட்டம் கடைகளில் காசு அள்ளியது. 1975இல் அது வீட்டுக்கு வந்தது. 1976இல் ஃபேர்சைல்டு சேனல் எஃப் பெட்டி, கேமின் நிரலைக் கழற்றி மாட்டும் கேசட்டில் வைத்தது. அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் ஜெர்ரி லாசன். (உள்ளே டேப் எதுவும் கிடையாது. ஆனாலும் நம்மூரில் அது கேசட்தான்.)

உண்மையான வித்தை 1977இல் வந்த அடாரி விசிஎஸ் பெட்டியில் இருக்கிறது. அதன் நினைவகம் மொத்தம் 128 பைட். ‘ஏற்காடு’ என்ற சொல்லை இன்றைய கணினி எழுத 21 பைட் பிடிக்கும். ஆறு முறை எழுதினால் அடாரியின் நினைவகத்தில் இரண்டே பைட்தான் மிஞ்சும்! ஒரு திரையின் படத்தை இதில் எங்கே சேமிப்பது? சேமிக்கவே இல்லை. பழைய குழாய் டிவிக்குள் ஒரு மின்கற்றை வரி வரியாக ஓடித்தான் படம் தீட்டும். நம்மூர் டிவியில் ஒரு வரிக்கு 64 மைக்ரோ விநாடி, அதாவது ஒரு விநாடிக்குள் 15,625 வரிகள். அடுத்த வரியில் என்ன வர வேண்டும் என்று நிரல் அந்தக் கணத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு வரி ஓடி முடிவதற்குள் செயலிக்குக் கிடைப்பது 76 துடிப்புகள். மிகச் சின்னக் கட்டளைக்கே இரண்டு துடிப்பு செலவாகும். மின்கற்றை யாருக்காகவும் காத்திருக்காது. புள்ளி எவ்வளவு, யார் யாரை இடித்தார்கள் என்று யோசிப்பதெல்லாம் பெரும்பாலும் கற்றை அடியிலிருந்து மேலே திரும்பும் சின்ன இடைவெளியில்தான்.

அந்தப் பெட்டியில் படம் தீட்டும் சில்லுக்கு அசையும் பொருள்கள் ஐந்தே ஐந்துதான் தெரியும்: இரண்டு ஆட்டக்காரர், இரண்டு குண்டு, ஒரு பந்து. பாங் ஆட்டத்தையும் டாங்கிச் சண்டையையும் மனதில் வைத்துச் செய்தது, அவ்வளவுதான். ஆனால் 1980இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் அதில் ஓடியது, 36 வேற்றுக்கிரகப் பிராணிகளோடு! ஓர் ஆட்டக்காரரை ஒரே வரியில் மூன்று பிரதியாகக் காட்டும் வசதி சில்லில் இருந்தது. இரண்டு பேர், மும்மூன்று பிரதி, வரிசைக்கு ஆறு. கற்றை கீழே இறங்க இறங்க அதே இருவருக்கு உருவத்தை மாற்றிக்கொண்டே போனால் ஆறு வரிசை. முப்பத்தாறு பேருக்கும் நடித்தவர்கள் இரண்டே பேர்.

எனக்கு இதைவிடப் பிடித்தது, வாரன் ராபினெட் எழுதிய அட்வென்ச்சர். கோட்டை, சாவி, டிராகன், பொருளைத் திருடும் வௌவால் என்று 30 அறைகளில் அலையும் ஆட்டம். சாகச வகையின் மூதாதைகளில் ஒன்று. ஆட்டக்காரர் என்ற இரண்டு உருவங்களும் டிராகனுக்கும் சாவிக்கும் போய்விட்டன. குண்டுகள் மெல்லிய சுவர்களாகிவிட்டன. மிஞ்சியது பந்து. அதனால் அந்தக் காவியத்தின் நாயகன் ஒரு சின்னச் சதுரம்: பாங்கில் அடி வாங்கிய அதே பந்து, இப்போது டிராகனைக் கொல்லப் புறப்பட்டது. எழுதியவர் பெயரை அன்று அடாரி கேமில் போடாது. ராபினெட் யாருக்கும் சொல்லாமல் ஓர் இரகசிய அறை கட்டி அதில் தன் பெயரை எழுதிவைத்தார்.

1982இல் அதே பெட்டிக்கு டேவிட் கிரேன் எழுதிய பிட்ஃபால் ஆட்டத்தில் காடு 255 திரைகளுக்கு நீள்கிறது. கேசட்டின் கொள்ளளவோ 4,096 பைட். அவர் காட்டைச் சேமிக்கவில்லை. ஒரே ஒரு பைட்டைக் குலுக்கும் விதியைச் சேமித்தார். குலுக்கினால் அடுத்த திரை. அதே விதியைத் திருப்பிப் போட்டால் முந்தைய திரை. அந்தப் பைட்டின் எட்டு இலக்கங்களே மரம் எங்கே, குழி எங்கே, புதையல் எங்கே என்று தீர்மானிக்கும்.

மாரியோ ஓடுவதற்கு 1983இல் ஜப்பானில் பிறந்த நின்டென்டோவின் ஃபேமிகாம் தேவைப்பட்டது. அது திரையை 960 சதுர ஓடுகளாகப் பிரித்து, எந்த இடத்தில் எந்த ஓடு என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். ‘படத்தை இங்கிருந்து காட்டு’ என்று ஓர் எண்ணை மாற்றினால் திரை முழுவதும் வழுக்கி நகரும். திரைக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத விளிம்பில், அடுத்த நெடுவரிசையைச் சத்தமில்லாமல் ஒட்டிவிட வேண்டியதுதான். ஓடித் தாவும் ஆட்டங்கள் பெருகியது இந்த வசதியால்தான். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட். அதற்குள் அடக்க ஒரு தந்திரம்: மேலே மிதக்கும் மேகமும் கீழே நிற்கும் புதரும் ஒரே ஓடுகள், நிறம் மட்டும் வேறு.

நம் வீடுகளுக்கு வந்தவை ஃபேமிகாமின் நகல்கள். லிட்டில் மாஸ்டர், சாமுராய், மீடியா என்று பல பெயர்கள். ஒரு சிக்கல் இருந்தது. ஜப்பான் டிவி விநாடிக்கு 60 முறை திரையைத் தீட்டும், ஒரு முறைக்கு 262 வரி. இந்தியாவில் கடைப்பிடித்த ‘பால்’ முறையில் 50 முறை, 312 வரி. வரிக்கணக்கை நம்பி எழுதிய கேம் இங்கே குழம்பிப்போக வேண்டும். பால் டிவிக்கென்று தைவானில் செய்த நகல் சில்லுகள் அந்த உபரி 50 வரிகளைச் சும்மா ஓட விட்டு, அதற்குப் பிறகுதான் ‘திரை முடிந்தது’ என்று கேமுக்குச் சொல்லின. கேமுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் திரை ஒரு முறை தீட்டப்பட்டால் ஓர் அடி என்பதுதான் மாரியோவின் கடிகாரம். விநாடிக்கு 60 அடி வைக்க வேண்டியவர் இங்கே 50 அடிதான் வைத்தார். பாட்டின் சுருதி கிட்டத்தட்ட சரி, தாளம் மட்டும் ஆறில் ஒரு பங்கு நிதானம். அந்தப் பெட்டிகளில் ஆடி வளர்ந்தவர்கள் மாரியோ பாட்டை இன்று யூடியூபில் கேட்டால், யாரோ வேகத்தைக் கூட்டிவிட்டதுபோல் இருக்கும். ஜப்பானில் அது முதலிலிருந்தே அந்த வேகம்தான்.