போக்கிரி என்னும் திராட்சை

இத்தாலியின் வடமேற்கே பீட்மாண்ட் என்னும் மாநிலம் உள்ளது. அங்குத் தானரோ ஆற்றின் இடக்கரையில் மணற்பாங்கான குன்றுகள் நிறைந்த பகுதிக்கு ரொயேரோ என்று பெயர். அர்நேய்ஸ் என்ற வெள்ளைத் திராட்சைக்கு அதுவே தாயகம். பீட்மாண்ட் மக்களின் பேச்சில் 'அர்நேய்ஸ்' என்பது சொன்ன சொல் கேளாத போக்கிரிப் பிள்ளையைக் குறிக்கும். பயிரிடுவோருக்கு எளிதில் பணியாத கொடி அது, பெயர் பொருத்தந்தான்!

மாணவர்களே, மதுவின் பெருமை பேசுவது என் நோக்கமன்று. ஒரு கொடி எவ்வாறு அழிவின் விளிம்பிற்குச் சென்றது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

பரோலோ எனப்படும் விலையுயர்ந்த மது, நெப்பியோலோ என்னும் கருந்திராட்சையிலிருந்து கிடைப்பது. அத்திராட்சை பெரும்பாலும் அக்டோபரில் பழுக்கும். அர்நேய்ஸோ செப்டம்பரிலேயே கனிந்து மணம் வீசும். ஆகவே, உழவர்கள் கருந்திராட்சையினிடையே சில அர்நேய்ஸ் கொடிகளையும் நட்டு வந்தனர். பறவைகளும் தேனீக்களும் அவற்றை நாடும்; நெப்பியோலோ தப்பிக்கும். சில வேளைகளில் அர்நேய்ஸைக் கலந்து கருந்திராட்சை மதுவின் கடுமையைத் தணிப்பதும் உண்டு. காவலுக்கும் கலப்பிற்கும் வளர்க்கப்பட்ட கொடியைத் தனியே பேணுவார் யார்? 1960களில் அது எஞ்சியிருந்த இடங்கள் மிகச் சிலவே.

இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். விதையை எடுத்து வைத்துப் பின்னர் முளைக்கச் செய்தால் போதாதா? போதாது. திராட்சை விதையிலிருந்து முளைக்கும் செடி, தாய்க் கொடியின் குணங்களை அப்படியே கொண்டிராது; ஒவ்வொன்றும் ஒரு புதுப் பிறவியே. ஒட்டு மாம்பழத்தின் கொட்டையை ஊன்றியவர்கள் இதனை நன்கு அறிவர். கொடியை வெட்டி நட்டோ, வேறொரு வேரில் ஒட்டுக் கட்டியோதான் ஒரு வகையை மாறாமல் காக்க முடியும். எனவே கடைசிக் கொடி பட்டுப்போனால் அவ்வகை முற்றும் மறைந்துவிடும்.

1967ஆம் ஆண்டில் அல்ஃபிரேதோ குர்ராதோ என்பவர், சிதறிக் கிடந்த அர்நேய்ஸ் பழங்களைத் தேடிப் பெற்று, அவற்றிலிருந்து மட்டுமே மது வடித்தார். புரூனோ ஜாக்கோசாவும் இம்முயற்சியில் ஈடுபட்டார். விலை கிடைக்கும் எனக் கண்ட உழவர்கள் மீண்டும் கொடிகளை நடலாயினர். ரொயேரோ அர்நேய்ஸ் மதுவிற்கு 2004ஆம் ஆண்டில் இத்தாலிய அரசின் மிக உயர்ந்த தரச் சான்று கிடைத்தது.

போக்கிரித்தனம் மட்டும் இன்னும் போகவில்லை. பறிப்பதற்குச் சற்றுத் தாமதித்தாலும் பழத்தின் புளிப்பு விரைந்து குறைந்துவிடும். செப்டம்பர் வந்தால் தோட்டக்காரர் பழங்களை அடிக்கடி சுவைத்துப் பார்த்தே பறிக்கும் நாளை முடிவு செய்கிறார்.