தீர்ப்பைத் தட்டிக் கேட்ட குற்றவியல் பேராசிரியர்

புது தில்லி: காவல் நிலையத்தில் வன்கொடுமைக்கு ஆளானதாகத் தொடரப்பட்ட வழக்கில், உடலுறவு நிரூபிக்கப்பட்டு, தாம் இசையவில்லை என்று அப்பெண் சாட்சியம் அளித்தால், இசைவு இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 120-வது பிரிவு இவ்வாறு கூறுகிறது. இவ்விதி பிறந்த கதையில் தில்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் லோத்திகா சர்க்காருக்கு முக்கியப் பங்கு உண்டு.

1923-ல் பிறந்த லோத்திகா, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியாகக் கருதப்படுகிறார். ஆண்கள் மட்டுமே பாடம் நடத்திய தில்லி சட்டத் துறையில் சேர்ந்து, நீண்ட காலம் குற்றவியல் சட்டம் போதித்தார்.

மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், 1972 மார்ச்சில், புகார் விசாரணைக்காகக் காவல் நிலையம் வந்த ஆதிவாசிச் சிறுமியைக் காவலர்கள் சீரழித்ததாக வழக்கு. உறவினர்கள் வெளியே காத்திருந்தனர். அமர்வு நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரி கிளை தண்டித்தது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை, எதிர்த்ததற்கு அடையாளம் இல்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

1979 செப்டம்பர் 16-ல் தலைமை நீதிபதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் சென்றது. லோத்திகாவுடன் உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர், வசுதா தகம்வார் ஆகியோர் அதில் ஒப்பமிட்டிருந்தனர். பணிந்துபோவது வேறு, இசைவது வேறு என்பதே கடிதத்தின் சாரம். காவல் நிலையத்துக்குள் காவலர் பிடியில் சிக்கிய சிறுமி கூச்சலிட்டுத் தப்பியிருக்க முடியும் என்று நீதிமன்றம் எப்படி எதிர்பார்க்கிறது என்றும் அவர்கள் வினவினர். உச்ச நீதிமன்றத்தை விமர்சிக்க வழக்கறிஞர்களே தயங்கிய நாட்களில், ஆசிரியர்கள் நால்வர் இவ்வாறு எழுதியது சாதாரணச் செயல் அன்று.

கடிதத்தைப் பெண்கள் அமைப்புகள் கையில் எடுத்தன. 1980 மார்ச் 8-ல் பல நகரங்களில் போராட்டம் நடந்தது. அடுத்த மாதமே சட்ட ஆணையம் தனது 84-வது அறிக்கையை அளித்தது. 1983-ல் நாடாளுமன்றம் சாட்சியச் சட்டத்தில் 114-ஏ பிரிவைச் சேர்த்தது; இன்றைய 120-வது பிரிவு அதன் வாரிசே. ஆனால் விடுதலைத் தீர்ப்பு மாறவில்லை. சந்திரபூர் சிறுமிக்குப் புதிய சட்டத்தால் எப்பயனும் கிட்டவில்லை.

1981-ல், ஆக்ரா அரசுப் பாதுகாப்பு இல்லத்தில் பெண்கள் அடைபட்டிருந்த அவலம் குறித்து லோத்திகாவும் பக்ஷியும் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் ரிட் மனுவாகவே ஏற்றது. பொதுநல வழக்குகளின் தொடக்க கால முன்னுதாரணங்களுள் இதுவும் ஒன்று.

முன்னதாக, 1971-ல் மத்திய அரசு அமைத்த மகளிர் நிலை ஆய்வுக் குழுவிலும் அவர் உறுப்பினர். சட்டமன்றங்களில் மகளிருக்கு இடஒதுக்கீடு வேண்டாம் எனக் குழுவின் பெரும்பான்மை முடிவெடுத்தபோது, வீணா மஜும்தாருடன் சேர்ந்து மாற்றுக் குறிப்பு எழுதினார். அதற்கான அரசியல் சாசனத் திருத்தம் 2023-ல்தான் நிறைவேறியது.

கணவரும் பத்திரிகையாளருமான சஞ்சல் சர்க்கார் 2005-ல் காலமான பின்னர், ஹௌஸ் காஸ் பகுதியிலிருந்த அவரது வீடு கைவிட்டுப் போனது. சட்டம் கற்பித்தவரே சட்டத்தின் உதவியை நாட நேர்ந்தது; நண்பர்களும் பழைய மாணவர்களும் துணை நின்றனர்.

2013 பிப்ரவரி 23-ல் லோத்திகா மறைந்தார். தில்லி மாணவி கொடூரமாகக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பிறப்பிக்கப்பட்ட குற்றவியல் சட்டத் திருத்த அவசரச் சட்டத்துக்கு அன்று வயது இருபது நாள்.