பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஐ.டி.ஐ. படிப்பு



கிணற்று மோட்டார் எரிந்து போனால் என்ன பாடு என்பது உங்களுக்குத் தெரியும். பயிர் வாடும். மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டு போவோம். 'காயில் கட்ட மூணு நாள் ஆகும்'னு கடைக்காரர் சொல்வார். அப்படிக் காத்துக் கிடக்கிற நேரத்தில், 'இந்த வேலையை நம்ம வீட்டுப் பிள்ளை கத்துக்கிட்டா என்ன?' என்று யோசித்ததுண்டா? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

காயில் கட்டுவது கைவேலைதானே, அதற்கு என்ன படிப்பு என்று சிலர் கேட்கலாம். சரி, மோட்டார் ஏன் எரிந்தது? பல சமயம் மூன்று பேஸில் ஒன்று நின்று போயிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்காது. பாக்கி இரண்டு பேஸிலிருந்து கூடுதல் கரண்டை இழுத்துக்கொண்டு ஓடும். கம்பி சூடேறி, மேல்பூச்சு கருகி, காயில் எரிந்துவிடும். காரணம் தெரியாதவர் புதுக் காயில் கட்டி அனுப்புவார். கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதைதான். முறையாகப் பயின்றவர் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்ப்பார். ரிலே சரியான அளவில் வைத்திருக்கிறதா என்று கவனிப்பார். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்டரை மாட்டச் சொல்வார். கைப்பழக்கத்தோடு காரணமும் தெரிய வேண்டும். அதைத்தான் தொழிற்படிப்பு கற்றுத் தருகிறது.

1950-ல் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தின்படி இப்படிப்பு ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையங்களில் நடக்கிறது. சேருவதற்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாவது தேறியவர்கள் பிட்டர், எலெக்ட்ரீஷியன், டர்னர் போன்ற பிரிவுகளில் சேரலாம். இவை 2 வருடம். எட்டாவது தேறியவர்களுக்கு வெல்டர் 1 வருடம், வயர்மேன் 2 வருடம். பெண் பிள்ளைகளும் சேரலாம்; அவர்களுக்கென்றே தனி அரசு ஐ.டி.ஐ.க்களும் இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022-லும், மாணவருக்கு 2024-லும் தமிழ்நாட்டில் தொடங்கியது. ஐ.டி.ஐ.யும் அதில் சேர்ந்ததே. பிள்ளையைச் சேர்க்கும்போது உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் பற்றியெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

'ஐ.டி.ஐ.யில சேர்ந்தா மேலே படிக்க முடியாதே'ன்னு ஒரு பயம் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். பத்தாவதுக்குப் பிறகு 2 வருட ஐ.டி.ஐ. தேறியவர், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடத்தில் சேரலாம். அங்கே டிப்ளமா முடித்தால் என்ஜினீயரிங் கல்லூரியிலும் இரண்டாம் வருடத்தில் சேர வழி உண்டு.

ஐ.டி.ஐ. முடித்ததும் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேருவது நல்லது. 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகை உண்டு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பயிற்சி கொடுத்த கம்பெனியே வேலையும் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. ஆரம்பச் சம்பளமும் சொற்பமாகத்தான் இருக்கும். நின்றுகொண்டே செய்யும் வேலை, இரவு ஷிப்டு, வெளியூர் வாசம் எல்லாம் உண்டு. இதை மறைத்துப் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். இரண்டு மூன்று வருடம் பொறுத்துக் கை தேறினால், பிறகு கூலி கேட்கும் தைரியம் தானே வரும்.

இன்னொரு எச்சரிக்கை. சில இடங்களில் பெயர்ப்பலகையை மட்டும் மாட்டிக்கொண்டு பணம் வாங்குவார்கள். பணம் கட்டுவதற்கு முன், தேசிய தொழிற்சான்றிதழ் தரும் அங்கீகாரம் பெற்ற நிலையமா, நீங்கள் கேட்கிற பிரிவுக்கும் அது உண்டா என்று பக்கத்து அரசு ஐ.டி.ஐ.யில் விசாரியுங்கள். பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். லேத்து ஓடுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா? பிள்ளைகள் கையில் எண்ணெய்க் கறை இருக்கிறதா? அதுவே பாதி பதில் சொல்லிவிடும்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1893-ல் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய பள்ளிப் படிப்பு கிடையாது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழிலைத் தொடங்கினார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து நம் நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். எல்லாரும் அவரைப் போல ஆக முடியாதுதான். ஆனாலும் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்துக் கற்ற கைக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு அவர் சாட்சி.

என்ஜினீயரிங் கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கும் விஞ்ஞானமும் நன்றாக வருகிற பிள்ளை அங்கே போகட்டும். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் போனான் என்பதற்காக, உங்கள் அரை ஏக்கர் பத்திரத்தை அடகுக் கடையில் வைக்க வேண்டாம். வைப்பதற்கு முன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'உனக்கு எதுலப்பா மனசு?' என்று ஒரு தடவை கேளுங்கள். பம்பு செட்டைப் பிரித்தால் அவன் சோற்றையும் மறந்து பக்கத்தில் நிற்கிறவனா என்று பாருங்கள். அப்படியானால் வழி தெரிந்துவிட்டது. பத்தாவது ரிசல்ட் வந்த கையோடு அரசு ஐ.டி.ஐ.க்கு அவனை அழைத்துப் போங்கள். விண்ணப்பம் போட அங்கேயே உதவி செய்வார்கள்.