சர்பத்துக்குள்ளே ஐஸ் இல்லை! பெயரின் பூர்வீகம் தெரியுமா?

பொள்ளாச்சி:

வெயில் ஏறிவிட்டால் போதும், பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள பெட்டிக் கடைகளில் ஒரே குரல்தான். "ஏனுங்ணா, நன்னாரி சர்பத் ஒண்ணு... ஐஸ் தூக்கலா போடுங்க!"

சர்பத் என்றாலே ஐஸ் என்று ஆகிவிட்டது. ஆனால், அந்தச் சொல்லுக்குள் ஐஸும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. பின்னே என்னதான் இருக்கிறது?

அரபுக்காரர் தந்த பெயர்

அரபு மொழியில் 'ஷரிப' என்றால் 'குடித்தான்' என்று பொருள். அதிலிருந்து பிறந்தது 'ஷர்பத்'. குடிப்பது, அவ்வளவுதான் அர்த்தம்! பாரசீகம், இந்துஸ்தானி வழியாக வந்து தமிழில் சர்பத் ஆனது. பேச்சில் 'சர்வத்து' என்பாரும் உண்டு.

இதற்குச் சொந்தபந்தம் நிறைய. இருமலுக்கு டாக்டர் எழுதித் தரும் 'சிரப்' இதன் பங்காளி. இத்தாலியில் 'சொர்பெத்தோ', பிரான்சில் 'சொர்பே' என்று விற்கும் பழ ஐஸும் இதே வம்சம்தான். வடக்கே போய் அவசரத்தில் 'ஷராப்' என்று கேட்டுவிடாதீர்கள். அதுவும் இதே வேர்தான். ஆனால் வருவது சாராயம்!

பெயரிலேயே குளிர்ச்சியை வைத்திருப்பது மதுரை ஜிகர்தண்டா. 'ஜிகர்' என்றால் ஈரல், நெஞ்சு என்றும் சொல்வார்கள். 'தண்டா' என்றால் குளிர்ச்சி. குடித்தால் உள்ளம் குளிரும் என்பது கணக்கு.

கப்பலில் வந்த ஐஸ்

அக்பர் அரண்மனையில் வெடியுப்புக் கரைசலில் பாத்திரத்தை வைத்துத் தண்ணீரைக் குளிர வைத்தார்கள். லாகூரில் இருந்தபோது மலையிலிருந்து பனியும் வந்தது. அதெல்லாம் ராஜா வீட்டுச் சங்கதி.

1833-ல்தான் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஏரி ஐஸ் கப்பலேறிக் கல்கத்தா வந்தது. பயணம் சுமார் நாலு மாதம்! அனுப்பியவர் பிரடெரிக் டூடர். சென்னைக்கு வந்த ஐஸை வைக்க 1842-ல் கடற்கரையோரம் கட்டியதுதான் 'ஐஸ் ஹவுஸ்'. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். பின்னாளில் மெஷினிலேயே ஐஸ் தயாரானது. டூடர் தொடங்கிய வியாபாரமும் கரைந்தே போனது.

எந்த ஐஸ்?

இப்போது பொள்ளாச்சிப் பெட்டிக் கடைக்கே ஐஸ் வந்து இறங்குகிறது. இங்கேதான் ஜாக்கிரதை! மீனைக் கெடாமல் வைக்கத் தயாராகும் ஐஸ் வேறு. குடிநீரில் தயாராகும் ஐஸ் வேறு. தம்ளரில் விழுந்து கரைந்துவிட்டால் எது எது என்று யார் கண்டது?

உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று நினைப்பது தப்பு. மஞ்சள் காமாலை, டைபாய்டு கிருமிகள் ஐஸுக்குள் உயிரோடு இருந்து, வயிற்றுக்குள் வந்து வேலையைக் காட்டும். கோணிச் சாக்கில் சுற்றி, தரையில் இழுத்து வந்த கட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

நல்ல ஐஸுக்குக் கடைக்காரர் இரண்டு காசு கூடக் கேட்டால் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆஸ்பத்திரிச் செலவு அதைவிடப் பெரிது. சந்தேகமா? மண்பானைத் தண்ணீரில் நன்னாரி கலக்கச் சொல்லுங்கள். ஐஸ் இல்லாவிட்டாலும் அதன் பெயர் சர்பத்தேதான்!

சர்பத் என்றால் 'குடிப்பது'. குடிக்கத் தகுந்ததுதானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாயில் வையுங்கள்!